மைனஸ் நாற்பத்தொன்று

மாலை மூன்றரைக்கே இருட்டிவிட்டது ஹெல்டர்மா துறைமுகத்தில்.
அலுவலக மாடியில் நானும் ஹீட்டரும்.
முதலில் ஒரு காலிக் கோப்புறை.

அதற்குள் நிரலுக்கு ஒன்று, சோதனைகளுக்கு ஒன்று.
பைத்தானின் பதிப்பை எழுதிப் பூட்டினேன்.
நூலகங்களையும் எண்ணோடு பூட்டினேன்,
போன வசந்தத்தில் ஏதோ ஒன்று தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு
பயணச்சீட்டு விற்பனையை மத்தியானமே நிறுத்திவிட்டதால்.
பிறகு, உள்ளே ஓரெழுத்தும் இல்லாத அந்தக் கோப்பு.
அது இல்லாமலும் இப்போது நடக்கும் என்கிறார்கள்.
நான் வைத்துவிடுகிறேன்.

மீதி ஒன்றுதான்:
எங்களோடு வேலைசெய்யும் இயந்திரத்துக்கு
ஒரு பக்கக் குறிப்பு.

கெட்டிக்காரப் பிறவி அது.
எள் என்று நான் முடிக்குமுன் எண்ணெயாய் நிற்கும்.
எனக்கு வேண்டியிருந்தது எள்.
ஒவ்வொரு காலையும் புதிதாய் வரும்,
நேற்று கேட்ட மன்னிப்பு எதுவும் நினைவில்லாமல்.

'தோற்கிற சோதனையை நீக்காதே.'
எழுதும்போதே செப்டம்பர் வந்து நின்றது:
திரை முழுக்கப் பச்சை, ஆஹா என்று பச்சை,
கீழே பொடியெழுத்தில்
ஓடிய சோதனைகள்: பூஜ்யம்.
'கேட்காமல் புதிய நூலகம் சேர்க்காதே.'
'பிழையை விழுங்கிவிட்டுப் பேசாமல் இராதே.'

அடுத்த வரிக்கு விரல் நின்றது.

எங்கள் நீரிணையில் ஏற்ற இறக்கம் நிலவின் வேலையில்லை.
கிழக்குக் காற்று நாலு நாள் அடித்தால்
கடலை வாரிக்கொண்டு போய்விடும்.
அப்போது கப்பல் பாதிச் சுமையோடுதான் கிளம்ப வேண்டும்.
அன்று அளவி அனுப்பிய எண் மைனஸ் நாற்பத்தொன்று.
தண்ணீர் எப்படி ஒன்றுமில்லாததற்கும் கீழே இருக்கும்?
இயந்திரம் அதைப் பூஜ்யமாக்கியது.
பக்கத்தில் நேர்த்தியாக ஒரு குறிப்பு:
தவறான உள்ளீடு சரிசெய்யப்பட்டது.
நானும் படித்தேன். ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன்.
அதை எந்தக் கோப்பில் எழுதுவது?

பால் லாரி, இரண்டு பள்ளிப் பேருந்து, ஒரு சவ ஊர்தி,
முழுச் சுமையோடு கப்பல்
சேற்றில் உட்கார்ந்தது இரண்டு மணி நேரம்.
கேப்டன் ஹெய்னார் தொலைபேசியில் திட்டவில்லை.
'உங்கள் திரையில் இப்போது கடல் எவ்வளவு?'
அவ்வளவுதான் கேட்டார்.

எழுதினேன்:
'நீர்மட்டம் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.
அது பிழையில்லை, எங்கள் கடல்.
நம்ப முடியாத எண் வந்தால் திருத்தாதே. நிறுத்து. கேள்.'
அதற்கு ஒரு சோதனையும்.
உள்ளே மைனஸ் நாற்பத்தொன்று,
வெளியே மைனஸ் நாற்பத்தொன்று.
இதைவிடச் சின்ன நிரலை நான் எழுதியதில்லை.

ஏழு மணிக்கு எனெலி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம்.
ஈரக் காலணியைக் கழற்றாமலே திரையைப் படித்தாள்,
மேலிருந்து கீழே,
மறுபடி மேலிருந்து.
'எனக்கு யாரும் இப்படி எழுதித் தரவில்லை' என்றாள்.
'சாவி தந்தீர்கள். காபி இயந்திரம் ஒழுகும் என்றீர்கள்.'

உண்மைதான்.
அவளுக்கும் ஒரு காலையில் அந்த எண் வந்திருக்கும்.
கேட்கக் கூச்சப்பட்டுப்
பூஜ்யமாக்கியிருப்பாள்.

பக்கத்தின் உச்சியில் 'இயந்திரத்துக்கு' என்று இருந்தது.
அழித்தேன்.
வேறென்ன போடுவதென்று தெரியாமல்
தலைப்பில்லாமலே விட்டேன்.
முதல் கமிட்.

வெளியே காற்று கிழக்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.
கால் மணிக்கு ஒருமுறை அளவி சொல்லும்:
மைனஸ் பன்னிரண்டு.
மைனஸ் பதினான்கு.
எனெலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
'இது எங்கிருந்து எண்ணுகிறது?
பூஜ்யம் என்றால் எந்த இடம்?'

ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன்.
எனக்குத் தெரியவில்லை.

கப்பலுக்குத் தொலைபேசி போட்டோம்.